டீச்சரம்மாவின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி

பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டி பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிறகு இருந்த பாட்டிதான். எங்கள் அம்மாச்சி புதுக்கோட்டைப் பக்கம், ஆலங்குடி வட்டாரத்துக் கிராமப் பள்ளிகளில் 38 வருஷம் டீச்சராக இருந்தவர். 2023-ல் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. உட்கார்ந்து பேசினால், எல்லோரும் சொன்னது பலாச்சுளை உரித்துக் கொடுத்தது, பென்ஷன் வாங்கிய அன்று காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தது, ராத்திரி கதை சொன்னது. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அத்தனையும் கடைசி முப்பது வருஷத்தில் நடந்தவை. அதற்கு முன்னால் இருந்த டீச்சரை எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் இரண்டே இடங்களில் இருந்தார்: டிரங்குப் பெட்டிக் காகிதங்களிலும், அவரிடம் படித்தவர்கள் மனசிலும். அந்த இரண்டையும் தேடிச் சேர்த்து எழுதும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் டீச்சரம்மா இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். பாதி வேலை அவரே செய்து கொடுத்துவிடுவார்.

பெட்டியை முதலில் காப்பாற்றுங்கள்

கருமாதி முடிந்ததும் வீட்டை ஒழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புடவைகளைப் பங்கு பிரிப்பார்கள், கட்டிலைத் தூக்கிப் போடுவார்கள், காகிதங்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அதனால் பதினாறாம் நாளுக்கு முன்பே வீட்டில் மூத்தவர் ஒருவர் வாயால் “ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக்கூடாது” என்று சொல்ல வைத்துவிடுங்கள். நாம் சொன்னால் எடுபடாது. எங்கள் வீட்டில் பெரியம்மா சொன்னார், அதனால் நின்றது.

பெட்டியைத் திறந்ததும் எதையும் வெளியே எடுக்காதீர்கள். மேலிருந்து ஒரு போட்டோ. ஒவ்வோர் அடுக்காக எடுக்க எடுக்க ஒவ்வொரு போட்டோ. எது எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு தகவல். அம்மாச்சியின் பெட்டியில் முதல் நியமன உத்தரவும், சுருக்குப்பை ஒன்றில் நாலைந்து அம்மன் காசும் ஒரே துணியில் சுற்றியிருந்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் புழங்கிய செப்புக் காசு அது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச் 3-ல். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. உத்தரவையும் காசையும் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தால், அவற்றைச் சேர்த்துச் சுற்றியவர் அவர் என்பதே மறைந்துபோயிருக்கும்.

எங்கள் பெட்டிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்து, பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. ஒட்டிக்கொண்ட காகிதங்களைப் பிய்க்கக் கூடாது. ஈரமாக இருந்தால் எழுத்தில்லாத வெள்ளைத்தாளை இடையிடையே வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருளும், மையும் வெளுக்கும். காய்ந்து இறுகிய கட்டு பிரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், அதற்கென்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன போட்டோவையும் உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து, விளக்கு பிரதிபலிக்காதபடி சற்றுச் சாய்வாக நின்று படம் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம், செலோ டேப் வேண்டவே வேண்டாம். நாலு வருஷத்தில் பழுப்பேறிக் காகிதத்தையும் கெடுக்கும். போட்டோவின் பின்புறம் பெயர் எழுத மெல்லிய பென்சில் போதும். ஸ்கேனர் கிடைத்தால் காகிதத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. கிடைக்காவிட்டால் காலை வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் கைப்பேசியிலேயே எடுக்கலாம்.

பணிப்பதிவேட்டை நிதானமாகப் படியுங்கள்

அரசு ஆசிரியர் வாழ்க்கைக்குப் பணிப்பதிவேடுதான் முதுகெலும்பு. டீச்சர்கள் அதை எஸ்.ஆர். புக் என்பார்கள். பலர் வீட்டில் அதன் நகல் இருக்கும். இல்லையென்றால் ஓய்வூதியக் கொடுப்பாணையிலிருந்து பிறந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, கடைசிப் பதவி ஆகியவையாவது கிடைக்கும். நியமனம், மாறுதல், ஊதிய உயர்வு, விடுப்பு எல்லாம் வரிசையாக இருப்பதால், ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டு வருஷம், பள்ளி, வீட்டில் நடந்தது, ஊரில் நடந்தது என்று நிரப்பத் தொடங்குங்கள்.

முதல் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியது அங்க அடையாளம். எங்கள் நகலில் அம்மாச்சியின் உயரமும், இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சமும் குறித்திருந்தார்கள். அந்த மச்சத்தை அவர் பெற்ற பிள்ளைகள்கூடக் கவனித்ததில்லை. எவரோ ஓர் எழுத்தர், 1955-ல், இருபது வயதுப் பெண் ஒருத்தியை மேசைக்கு எதிரே நிற்க வைத்து எழுதிய வரி அது. எங்கள் புத்தகம் அந்த வரியில்தான் தொடங்குகிறது.

பிறந்த தேதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். பதிவேட்டில் 10-6-1934 என்று இருந்தது. ஜாதகத்தில் யுவ வருஷம் ஐப்பசி. அதாவது 1935 அக்டோபர், நவம்பர் வாக்கில். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் போட்டுவிடுவது அன்றைக்குச் சாதாரணம். தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக்க ஒரு சுலபமான பிடி: 1927 ஏப்ரலில் பிரபவ பிறந்தது, அறுபது வருஷம் கழித்து 1987-ல் மறுபடி பிரபவ. பஞ்சாங்கத்தில் வருஷங்களின் வரிசையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொள்ளுங்கள். மார்கழிப் பிற்பாதியிலிருந்து (ஜனவரி 1 முதல்) பங்குனி வரை பிறந்தவருக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு தேதியையும் புத்தகத்தில் போடுங்கள். ஒன்று அவர் பிறந்த நாள், மற்றது அவர் ஓய்வு பெறும் தேதியைத் தீர்மானித்த நாள்.

விடுப்புப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பழைய பதிவுகள் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கும், ‘எம்.எல்.’ என்றால் மருத்துவ விடுப்பா, மகப்பேறு விடுப்பா என்பதை நாள்களின் எண்ணிக்கையையும் பக்கத்துக் குறிப்பையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அம்மாச்சிக்குப் பிள்ளைகள் மூன்று பேர். பதிவேட்டில் மகப்பேறு விடுப்பு நாலு தடவை. 1962-ல் எடுத்த விடுப்பு முடியும் முன்பே அவர் பணியில் சேர்ந்துவிட்டதாகக் குறிப்பு இருந்தது.

நான் பெரியம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “தம்பி ஒண்ணு பொறந்துச்சு. பதினஞ்சு நாள் இருந்துச்சு. எனக்கு அஞ்சு வயசு, அந்தத் தொட்டி எனக்கு ஞாபகம் இருக்கு. அம்மா அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அதப் பத்திப் பேசல. சீக்கிரமே பள்ளிக்கூடம் போயிட்டாங்க.”

இந்த மாதிரி ஒன்று உங்களுக்கும் அகப்படலாம். என் கருத்து இது: முதலில் குடும்பத்தில் மூத்தவரிடம் மட்டும் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்காதீர்கள். எழுதலாம் என்று அவர் சொன்னால் எழுதுங்கள். ஆனால் பதிவேட்டில் இருப்பதையும் அவர் சொன்னதையும் தவிர ஒரு சொல் சேர்க்காதீர்கள். நாங்கள் இரண்டு வரியில் எழுதினோம். அந்த நாள்களில் அம்மாச்சி என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

தேதி இல்லாத காகிதங்கள்

டிரங்குப் பெட்டியில் பாதிக்கு மேல் தேதியில்லாமல் கிடக்கும். அவற்றைக் காலவரிசைப்படுத்தச் சில அடையாளங்கள் உதவும்.

கணக்கில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். நயா பைசா வந்தது அந்த மாதம்தான். அணா போட்டுப் பேசும் பழக்கம் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. முத்திரையில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று இருந்து ஊர் மட்டும் நம் ஊராக இருக்கிறதா? குழம்ப வேண்டாம். சமஸ்தானம் இணைந்த பிறகு நாங்கள் திருச்சி மாவட்டம். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-ல். ‘சென்னை அரசு’ என்று அச்சிட்ட தாள் 1969-க்கு முந்தையது. தமிழ்நாடு என்ற பெயர் நடப்புக்கு வந்தது அந்த வருஷத் தைப்பொங்கலன்று.

ஆசிரியர் வீட்டுக் காகிதங்களுக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல அடையாளம் கையெழுத்துதான். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. அதுவரை லை, ளை, ணை, னை நாலும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் தனிக் கால் இல்லாமல் சுழித்து எழுதப்பட்டன. அரசாணைக்குப் பிறகு பாடப்புத்தகங்கள் மாறின. நாற்பத்து மூன்று வயதில் அம்மாச்சி, கையில் ஊறிய பழைய எழுத்து வடிவங்களை விட்டுவிட்டுப் புதிதாகப் பழகிக் கரும்பலகையில் எழுத வேண்டியிருந்தது. அவருடைய பாடக்குறிப்பு நோட்டுகளில் இதை அப்படியே பார்க்கலாம். ஒரு பக்கத்தில் பழைய ‘லை’யைப் போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதியிருக்கிறார். கொஞ்ச நாளில் அடித்தல் குறைகிறது, பிறகு நின்றேபோகிறது. ஆனால் மகளுக்கு எழுதிய இன்லண்டு கடிதங்களில் கடைசி வரை பழைய எழுத்துதான். பள்ளிக்கு ஒரு கை, வீட்டுக்கு ஒரு கை. அந்த இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே அச்சிட்டோம்.

வீட்டுக் கணக்கு நோட்டு கிடைத்தால் விடாதீர்கள். பால், மண்ணெண்ணெய், கடலை விதை என்று போய்க்கொண்டே இருக்கும், அலுப்பாகத் தோன்றும். ஒவ்வொரு மாதமும் கடைசியில் வரும் ‘இதர’ என்ற தலைப்பை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். அம்மாச்சியின் ‘இதர’வில் சிலேட்டு, டவுசர், சிரங்குக்குக் களிம்பு, ஊர் போகும் பையனுக்குப் பஸ் காசு. எந்த மாணவனுக்கு என்று பெயர் இல்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

படித்தவர்களைத் தேடிப் போவது

மிகுந்த நேரமும் மிகுந்த சந்தோஷமும் இங்கேதான். பணிப்பதிவேட்டில் உள்ள பள்ளிகளின் ஊர்களுக்கு நேரில் போங்கள். டீக்கடையில் “அறுபதுகள்ல இங்க இருந்த டீச்சர்” என்றால் தெரியாது. அந்த ஊரில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் உடனே ஆள் கிடைக்கும். ஓர் ஊரில் எங்கள் அம்மாச்சி ‘கொடை டீச்சர்’, வெயிலோ மழையோ குடையில்லாமல் வரமாட்டார். அடுத்த ஊரில் ‘பெரிய டீச்சர்’. பள்ளியிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சேர்க்கை நீக்கல் பதிவேடு, ஆய்வாளர் எழுதிய பார்வைக் குறிப்பு போன்றவை இருந்தால் தலைமை ஆசிரியர் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைகளின் விவரம் உள்ள பதிவேட்டைப் படம் எடுப்பது சரியல்ல. வேண்டியதைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள்.

“டீச்சர் எப்படிப்பட்டவங்க?” என்று கேட்கவே கேட்காதீர்கள். “தெய்வம்மா” என்பார்கள், கண் கலங்குவார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள். நீங்க எந்த இடத்துல உக்காந்தீங்க? மணி எது, தண்டவாளத் துண்டா? யார் அடிப்பாங்க? கரும்பலகைக்குக் கறுப்பு எப்படிப் பூசுனீங்க? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எழுபது வயது ஐயா ஒருவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார்: ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துக் கல்லில் அரைப்பது, துணியில் தொட்டு மேலிருந்து கீழாக இழுப்பது, டீச்சர் தூரப் போய் நின்று “அந்த மூலை வெளுத்திருக்கு பாரு” என்று சொல்வது. ‘பொறுப்பானவர்’ என்று நாங்கள் எழுதியிருந்தால் அந்த மூலை கிடைத்திருக்காது.

எந்த வருஷம் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. பள்ளியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வந்து சமைத்தோம் என்றால் காமராசர் மதிய உணவு தொடங்கிய காலம், 1956-க்குப் பிந்தைய சில வருஷங்கள். பால் பவுடர், கோதுமை உப்புமா என்றால் பெரும்பாலும் அறுபதுகள், எழுபதுகள். சத்துணவு என்றால் 1982 ஜூலைக்குப் பிறகு. அண்ணா இறந்தபோது, இந்திரா காந்தியைச் சுட்டபோது, எம்.ஜி.ஆர். இறந்தபோது பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டாலும் நாள் பிடிபடும்: 1969 பிப்ரவரி, 1984 அக்டோபர், 1987 டிசம்பர்.

கேட்கச் சங்கடமான கேள்விகளையும் கேட்க வேண்டும். “டீச்சர் அடிப்பாங்களா?” என்றேன். அடித்தார். புளியம் விளார். கணக்கு வராதவர்களைவிடப் பொய் சொன்னவர்களுக்கு அதிகம். ஒரு பெரியவர் இன்னும் அதை மன்னிக்கவில்லை என்று நேராகவே சொன்னார். அதையும் போட்டோம்.

தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். பானை எங்கே இருந்தது, யார் மொண்டு கொடுத்தார்கள், யார் எப்படிக் குடித்தார்கள். அம்மாச்சியின் முதல் பள்ளியில் படித்த, சேரியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: “எங்களுக்கு மேலேர்ந்து ஊத்துவாங்க, கையேந்திக் குடிப்போம். டீச்சர் இருக்கும்போதும் அப்படித்தான்.” எழுபதுகளில் வேறோர் ஊரில் படித்தவர், அதே தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து வந்தவர், பானையில் தாமே மொண்டு ஒரே டம்ளரில் குடித்ததாகவும், அதைக் கேட்க வந்த ஊர்க்காரர்களை அம்மாச்சி வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியதாகவும் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் அம்மாச்சிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. வீட்டில் சிலர், முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மனிதர் கையேந்திய நாள்களை நம் புத்தகத்திலிருந்து நீக்க நாம் யார்? இரண்டு பேர் சொன்னதும் அவரவர் வார்த்தையில் அடுத்தடுத்து இருக்கிறது.

கீரை விற்கும் பெரியம்மா ஒருவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். கடலை பறிப்பு நேரத்தில் வீட்டில் இவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். “சாயந்தரம் டீச்சரு கொல்லைக்கே வந்துட்டாங்க. எங்கப்பாகிட்ட ஒண்ணும் சண்ட போடல. கொடையை மடக்கி வச்சிட்டு எம் பக்கத்துல உக்காந்து கடலை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. இருட்டுற வரைக்கும். எந்திரிக்கும்போது, ‘நாளைக்கு உள்ள வேலையும் ஆச்சு, நாளைக்கு அனுப்பு’ன்னாங்க.” அனுப்பினார்களா என்று கேட்டேன். “அனுப்புனாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்.”

மாணவர்கள் என்றால் சிறுபிள்ளைகள் மட்டுமில்லை. 1991-ல் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கி, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது கல் உடைக்கும் பெண்கள், கூலிக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். அம்மாச்சி அப்போது ராத்திரி மையத்தில் பாடம் எடுத்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அந்த மையத்தில் படித்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது புதிது: “கையெழுத்து அவங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. சைக்கிள நாங்க அவங்களுக்குப் புடிச்சு விட்டோம். கம்மாக்கரை வரைக்கும் போயிட்டாங்க.” பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாத செய்தி.

பதிவு செய்ய கைப்பேசி போதும். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், டி.வி.யை அணைக்கச் சொல்லுங்கள். பதிவு செய்கிறோம், புத்தகத்தில் போடுவோம் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பெயர் வேண்டாம் என்பவர் பெயரைப் போடாதீர்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் தானாக வரும். அன்றைக்கே கோப்புக்கு ஊர், பெயர், தேதி வைத்துவிடுங்கள். அந்த வாரமே எழுத்தாக்குங்கள், இல்லாவிட்டால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கலந்துவிடும். அவர்கள் பேசினபடியே எழுதுங்கள். ‘கொல்லை’யை ‘வயல்’ ஆக்க வேண்டாம்.

எழுதும்போது

பிறந்தார், படித்தார், மணந்தார் என்று போகாமல் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வருஷத்தில் ஒரு வேலை நாள். எத்தனை மணிக்கு எழுந்தார், யார் தண்ணீர் எடுத்தார்கள், பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போனார், எந்த பஸ், இறங்கி எவ்வளவு தூரம் நடை, முதல் பாடவேளை என்ன, திரும்பி வந்து அடுப்பு பற்ற வைத்தது எப்போது. நாங்கள் 1974-ஐ எடுத்தோம். அந்த ஒரு நாளைக் கட்ட மாமா, பெரியம்மா, ஒரு பழைய மாணவர், பாடக்குறிப்பு நோட்டு எல்லாம் தேவைப்பட்டன. மாமா ஒரு மாதிரியும் பெரியம்மா ஒரு மாதிரியும் சொன்ன இடத்தில் இரண்டையும் போட்டோம்.

வெறுமனே ‘தன்னலமற்ற’, ‘கருணையே வடிவான’, ‘அறப்பணி’ என்று எழுதத் தோன்றினால், அதை எழுத வைத்த சம்பவம் எது என்று உங்களையே கேட்டு, சம்பவத்தை எழுதிவிட்டு அடைமொழியை அடித்துவிடுங்கள். சம்பவம் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சொல் உங்களுடையது இல்லை, அஞ்சலிச் சுவரொட்டியில் படித்தது.

பேரப்பிள்ளைகள் பகுதி கடைசியில், குறைவாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு விஷயம், அரைப் பக்கம், மற்றவர் எழுதாத ஒன்று. என் பங்கில் நான் எழுதியது நாள்காட்டித் தாள். தினமும் கிழிக்கும் தாளைப் பாதியாக மடித்துக் கட்டி வைத்திருப்பார். எங்கள் வாய்ப்பாடு, கடைக் கணக்கு, மருந்து வேளை எல்லாம் அதன் முதுகில்தான். எதையாவது சொல்லி முடித்தால் “சரி, அப்புறம்?” என்பார். முடிந்துவிட்டது என்றாலும் விடமாட்டார், நாமே இன்னொன்றை யோசித்துச் சொல்ல வேண்டும். கடைசி நோயைப் பற்றி ஒரு பத்தி போதும் என்பது என் எண்ணம். மருத்துவமனை நாள்கள் அவருடைய எண்பத்தேழு வருஷத்தில் சிறு துண்டு.

அச்சும் அதன் பிறகும்

நூறு, நூற்றைம்பது பிரதி என்றால் டிஜிட்டல் அச்சே கட்டுப்படி. பக்கங்கள் நாலின் மடங்கில் வரும்படி பார்த்துக்கொண்டால் பின் அடிக்க வசதி. எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம், படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தாலும் சில அச்சகங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஆகவே தாளில் அடித்த மெய்ப்பைத்தான் பார்க்க வேண்டும், திரையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பழைய ‘லை’ போன்றவற்றை எழுத்துருவில் தேடி அலையாமல் அவர் கையெழுத்தையே படமாக வைத்துவிடுங்கள். ஆதார் எண், ஓய்வூதிய எண், வங்கிக் கணக்கு ஆகியவை தெரியும் எந்த ஆவணத்தையும் மறைக்காமல் அச்சிடக் கூடாது.

பேச்சுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, நேரில். வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று. ஊர் நூலகத்துக்கு ஒன்று. புதுக்கோட்டையில் பழைய இதழ்களையும் மலர்களையும் திரட்டிக் காக்கும் ஞானாலயா நூலகம் இருக்கிறது, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கேயும் ஒரு பிரதி கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாடக்குறிப்பு நோட்டுகள் போன்றவற்றைக் குடும்பத்தில் யாரும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அதையும் அப்போதே கேளுங்கள். பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு இரண்டு ஊர்களில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.

புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் போடுங்கள், கூடவே ஒரு நோட்டை ஒதுக்கி வையுங்கள். கொடுத்து முடித்த மறுவாரமே எங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் 1968-ல் எடுத்த ஐந்தாம் வகுப்புக் குழுப்படத்தை அனுப்பினார். எங்களிடம் இல்லாத படம். அம்மாச்சி ஓரத்தில் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்ல அவரும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள், பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை நாலு பக்க இணைப்பாக அடித்து, புத்தகம் வாங்கியவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினோம். மீதிப் பெயர்களுக்கு வரிசை எண் போட்டு இடம் விட்டிருக்கிறோம்.